பாஸ் போட்ட டி.சி.

பாண்டுரங்கன் தலைமை ஆசிரியராக வந்த பிறகு அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒருவரும் தோற்றதில்லை. தோற்றுவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றிய ஒருவரும் பத்தாம் வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். செஞ்சியில் பாதிப் பேருக்கு இது தெரியும். அந்தப் பாதிப் பேரின் பிள்ளைகள் பத்தாவதில் உட்கார்ந்திருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாத மீதிப் பாதியில் ஒருவர் கௌஸ் பாஷா.

அவருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டித் தருகிற கடை. பெருமாள், அனுமார், மெக்கா, கல்யாண ஜோடி, செத்துப்போன மாமனார் எல்லாரும் அந்தக் கடைச் சுவரில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பார்கள். படத்துக்குப் பின்னால் அட்டையோடு பழைய தினசரி ஒன்றையும் மடித்து வைப்பது அவர் வழக்கம். வைப்பதற்கு முன் அதை ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். அதனால் நாட்டு நடப்பு எல்லாம் அவருக்கு மூன்று மாதம் கழித்துத் தெரியவரும். மனுஷர் பரம சாது. கோபம் அவருக்கு வரவே வராது. அந்தப் பங்கையும் சேர்த்து அல்லா அவருடைய சம்சாரம் ஹுசைன் பீக்குக் கொடுத்திருந்தான்.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம், கத்திரி வெயிலில் கோட்டைப் பாறைகள் ராத்திரி எட்டு மணிக்கும் அனல் கக்கிக்கொண்டிருந்த சமயம், பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்கு ஆள் வந்தது. போனவர் கையில் ஒரு காகிதமும் அரைக்கிலோ ஜாங்கிரியுமாகத் திரும்பினார். ஒன்பதாவது படித்த மகள் ஜாஹிதா பேகம் பாஸாகிவிட்டாள். கணக்கில் இருபத்திரண்டு மார்க்குதான். சட்டப்படி பார்த்தால் பெயில். ஆனாலும் அடக்கமான பெண், நல்ல குடும்பம், ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம் என்று ஹெட்மாஸ்டரே மனசிரங்கி பாஸ் போட்டு டி.சி. கொடுத்துவிட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசி, விருப்பப்பட்டு வாங்கிக்கொள்வதாக ஒரு தாளில் எழுதியும் வாங்கிக்கொண்டாராம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவர் கௌஸ் பாஷா. அங்கே அவர் பெஞ்சுமேல் நின்றிருக்கிறாரே தவிர நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஹுசைன் பீக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீல மையில் எங்கே பாஸ் என்று போட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை விரலால் தொட்டாள். பிறகு பக்கத்து வீடு நாலுக்கும் ஜாங்கிரி கொடுத்துவிட்டு வந்தாள். மகள் மட்டும் ஒரு விள்ளலைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள்.

"அப்ப பத்தாவது எங்க படிக்கிறது அத்தா?" என்று கேட்டாள்.

"எங்க வேணா படிக்கலாம். அதான் டி.சி. கைல இருக்குதே."

அடுத்த நாளே கடையில் மிச்சமிருந்த நல்ல சட்டத்தை அறுத்து, அந்த டி.சி.க்குக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். டி.சி.யைப் பெட்டியில் பூட்டிவைப்பவர்கள் உண்டு, தொலைத்தவர்கள் உண்டு. பிரேம் போட்டு மாட்டியவர் செஞ்சித் தாலூகாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் குடும்பத்தில் யாரும் டி.சி. வாங்குகிற அளவுக்குப் படித்ததில்லை. எல்லாரும் ஒருநாள் போகாமல் நின்றுவிட்டவர்கள்.

ஹுசைன் பீ திண்டிவனம் ரோட்டிலிருந்த மல்லாட்டை மில்லில் வேலை செய்தாள். கோடையில் மிஷின் உடைத்துத் தள்ளும் வேர்க்கடலைப் பருப்பைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் அள்ளிப் பொறுக்குவார்கள். ஆடியில் விதைப்புக்குப் போகிற கொட்டை என்றால் பொறுக்குவது இன்னும் பதனமாக இருக்க வேண்டும். தோல் கிழியாதது, மூக்கு உடையாதது, கையில் எடுத்தால் கனமாக இருப்பது ஒரு பக்கம். சூம்பல், சொத்தை, பாதி உடைந்தது இன்னொரு பக்கம். செந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஏறி, சாயங்காலம் துப்பினால் எச்சில் சிவப்பாக வரும். பதினேழு வருஷமாக அவளுக்கு விடியற்காலை இருமல் இருந்தது. மில் முதலாளி நல்லவர்தான். பொண்ணு சும்மாதானே இருக்கு, கூட்டிக்கிட்டு வாயேன், சின்னக் கை சீக்கிரம் பொறுக்கும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது பத்தாவது முடிக்கணுங்க என்பது ஹுசைன் பீயின் பதில். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவள் இருமமாட்டாள்.

பாஸான செய்தியை மில்லில் சொன்னபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பக்கத்து முறத்துக்காரி அம்மாக்கண்ணு மட்டும் பொறுக்குகிற கையை நிறுத்திவிட்டாள்.

"டி.சி. குடுத்தாரா பாயம்மா?"

"ஆமா. பாஸ் போட்டு."

"எங்க பாவாடைக்கும் போன வருஷம் பாஸ்தான் போட்டாரு" என்றாள் அம்மாக்கண்ணு. தலையால் வாசல் பக்கம் காட்டினாள். அங்கே அவள் மகன் பாவாடை, பதினைந்து வயசுப் பையன், மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு லாரிக்கு நடந்துகொண்டிருந்தான். "நானும் சிங்கவரம் பெருமாளுக்கு தேங்கா ஒடச்சிட்டு வந்தன். அப்புறம் பாத்தா பத்தாவதுக்கு ஒரு எடத்துலயும் சேத்துக்கல. பரீச்ச எழுதப்போற வருஷத்துல எவன் புதுசா சேப்பான்? இவன் தோத்தா அவன் ஸ்கூலுக்கில்ல கெட்ட பேரு. பாஸுன்னு போட்டுக் குடுத்தது நம்மள வெளிய அனுப்பறதுக்குத்தான்."

ஹுசைன் பீ நம்பவில்லை. நம்பாததால் அன்று முழுக்க அம்மாக்கண்ணுவோடு பேசவும் இல்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் சுவரிலிருந்த பிரேமை இறக்கி, ஆணியைப் பிடுங்கி டி.சி.யை வெளியே எடுத்துத் தரும்படி புருஷனிடம் சொன்னாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம், திண்டிவனம் ரோட்டில் ஒன்று. இரண்டிலும் டி.சி.யை வாங்கிப் பார்த்தவர்கள் செஞ்சி என்றதும் ஒரு மாதிரி சிரித்தார்கள். பத்தாவதில் புது அட்மிஷன் கிடையாது. சரி, ஒன்பதாவதிலேயே மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஹுசைன் பீ கேட்டாள். அதெப்படி முடியும், ஒன்பதாவது பாஸ் என்றல்லவா போட்டிருக்கிறது, பாஸான பெண்ணை அதே வகுப்பில் உட்காரவைக்க ரூல் இல்லை என்றார்கள். மேலே போகவும் வழியில்லை, இருந்த இடத்தில் இருக்கவும் வழியில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜாஹிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஹுசைன் பீ அந்த நீல மை எழுத்தை நினைத்து நினைத்து வயிறெரிந்தாள். இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைத்த காகிதம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய கை என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவளுக்கு வந்த கோபம் அந்த பஸ்ஸுக்குள் அடங்குகிற கோபமாக இல்லை.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

பாண்டுரங்கன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் ஒற்றை நாமம். குரலை உயர்த்தாதவர். உங்க வீட்டுக்காரர் விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்துத்தானே வாங்கிக்கொண்டு போனார், நான் யாரையும் வெளியே தள்ளவில்லையே என்றார். பிறகு பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். அவர் வருவதற்கு முன் இந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்தான் தேறினார்கள். இன்றைக்கு சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நிற்கிறார்கள். சிபாரிசுக் கடிதம் கொண்டுவருகிறார்கள். ஒருத்தர் தோற்றால் அந்த நூறு போய்விடும். நாலு பேர் தோற்றால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். அடுத்த மாதமே கண்காணாத ஊருக்கு மாற்றல் வரும். அவருக்கும் வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள்.

"பிரைவேட்டா பரீட்சை எழுதட்டும். டுடோரியல்ல சேர்த்துவிடுங்க. இல்லன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது. உங்க ஜனத்துல ஒரு பொம்பளப் பிள்ளை ஒன்பதாவது வரைக்கும் வந்ததே பெரிசும்மா" என்றார்.

அதுவரை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பவ்யமாக நின்றிருந்த ஹுசைன் பீ நிமிர்ந்தாள்.

"சார், நான் மில்லுல வெதக்கொட்ட பொறுக்குறவ. நல்லது எது, சொத்த எது, எனக்கும் பிரிக்கத் தெரியும். ஆனா சொத்தயக்கூட எங்க மொதலாளி தெருவுல கொட்டமாட்டாரு. எண்ணெய்க்கு அனுப்புவாரு. நீங்க எம்பொண்ண எங்க அனுப்புனீங்க?"

பாண்டுரங்கன் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"ஒன்பதாவதுலயே போடுங்க சார். இன்னொரு வருஷம் படிக்கட்டும்."

"பாஸ் ஆன பிள்ளையை எப்படிம்மா ஒன்பதாவதுல போடறது? பாஸை பெயிலா மாத்தினா நான் ரெக்கார்டைத் திருத்தினவன் ஆயிடுவேன். அதிகாரி உத்தரவு இல்லாம நடக்காது."

சொல்லிவிட்டு மணியை அடித்தார். டிரில் மாஸ்டர் இராமச்சந்திரன் வந்து, வாம்மா வாம்மா என்று அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் ஜாஹிதாவைக் கேட்டுத் துருவியபோது மீதிக் கதையும் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே ஒரு கணக்கு வாத்தியார். இன்னொருவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷமாக அந்த இடம் காலி. இருக்கிறவரைப் பத்தாவதுக்கு மட்டும் வைத்துக்கொண்டார் ஹெட்மாஸ்டர். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸும் அவர்களுக்குத்தான். எட்டாவதிலும் ஒன்பதாவது பி செக்ஷனிலும் கணக்குப் பீரியடில் டிரில் மாஸ்டர் வந்து உட்காருவார். புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டுத் தூங்குவார். சத்தம் போட்டால் எழுந்து அடிப்பார்.

"ஏண்டி இத மொதல்லயே சொல்லல?" என்றாள் ஹுசைன் பீ.

"நீங்க ரெண்டு பேரும் ஜாங்கிரி குடுத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள் மகள்.

அந்தச் சொல் கௌஸ் பாஷாவைச் சுட்டது. அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஹுசைன் பீக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது. இந்த மனுஷன் ஒருநாளாவது ஒரு ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கமாட்டானா என்று களி கிண்டுகிற கரண்டியால் சட்டியைத் தட்டினாள். அன்றைக்குக் களிக்குத் தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்டினி. அதில் உப்புப் போட மறந்திருந்தாள். யாரும் அதைச் சொல்லவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் இன்னொரு சங்கதி வந்தது. பள்ளிக்கூட ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார். அப்போது மாட்டுவதற்கு ஹெட்மாஸ்டர் பெரிய படம் ஒன்றை கௌஸ் பாஷாவிடம் கொடுத்திருந்தார். நாலடி நீளத் துணியில் பெயிண்டர் கலர் கலராக எழுதியிருந்த மூன்று வருஷ ரிசல்ட் அது. ஒவ்வொரு வருஷத்துக்கும் எதிரே நூற்றுக்கு நூறு. அதற்கு நல்ல சட்டமும் கண்ணாடியும் போட்டு, அதிகாரி வருகிற அன்று காலையில் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

இதை அவர் ராத்திரிச் சோற்றின்போது மெல்லச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"அத நீங்க செய்யப் போறீங்களா?"

"தொழிலு. முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது? நாளைக்கு அவருகிட்டயே போய் நிக்கணும்."

"எங்க நிக்கப் போறீங்க? நம்ம பொண்ணே அங்க இல்ல."

"சண்ட போட்டா சேத்துக்குவாரா, சொல்லு."

ஹுசைன் பீ சோற்றுச் சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு ஆறு நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். ஆடி பிறக்கிறதற்கு முன்னாலேயே காற்று பிடித்துக்கொண்டு, தெருப் புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டியது. கண்ணை மூடினால் மில்லில் தன் பக்கத்து முறத்தில் ஜாஹிதா உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. அட்மிஷன் ஜூலைக் கடைசியோடு முடிகிறது. அதற்கப்புறம் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவள் மறுபடி பள்ளிக்கூடம் போனதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதிகாரி உத்தரவு இல்லாமல் நடக்காது என்று அந்த ஆள் சொன்னதை முறத்தைப் புடைத்துக்கொண்டே திரும்பத் திரும்ப நினைத்தாள். ஏழாம் நாள் புருஷனிடம், படத்தை நல்லாப் பெருசா, கனமாவே செய்யுங்க என்றாள். அவள் மனசு மாறிவிட்டதாக அவர் நினைத்து சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட ஒரு காரணம் கிடைத்தால் அதை உரசிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆய்வு நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வகுப்பில் வாய் திறக்கத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் அன்றைக்கு வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. வாசலில் டிரில் மாஸ்டர் விசிலோடு நின்று, வேண்டாத ஆள் யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். பத்து மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்தது. பதினோரு மணி சுமாருக்கு கௌஸ் பாஷா கயிறு வாங்கக் கடைத்தெருப் பக்கம் போன நேரம் பார்த்து, ஹுசைன் பீ கடைக்குள் நுழைந்து, துணி சுற்றி வைத்திருந்த படத்தின் ஒரு முனையைத் தூக்கினாள். மறு முனையை ஜாஹிதா பிடித்துக்கொண்டாள். நாலடிக் கண்ணாடியை ஒரு ஆள் தூக்க முடியாது. ஜாஹிதா பள்ளிக்கூடச் சீருடைதான் போட்டிருந்தாள். அம்மா போடச் சொன்னாள், போட்டாள்.

"எல்லார் முன்னாடியும் பெயிலுன்னு சொல்லப் போறீங்களா?" என்று வழியில் கேட்டாள்.

"ஆமாண்டி. உனக்கு அவமானமா இருந்தா வீட்டுக்குப் போயிடு. நானே இழுத்துக்கிட்டுப் போறன்."

ஜாஹிதா கையை விடவில்லை. காற்று கண்ணாடிமேல் மோதி இருவரையும் ஓரமாகத் தள்ளியது. அடிக்கு அடி நின்று நின்று நடந்தார்கள்.

டிரில் மாஸ்டர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. எவ்வளவு லேட்டு, சீக்கிரம் கொண்டு போங்கம்மா, அய்யா உள்ளே வந்துட்டார் என்று தானே வாசல் கதவை அகலத் திறந்துவிட்டார்.

ஹெட்மாஸ்டர் அறையில் அதிகாரி வடை தின்றுகொண்டிருந்தார். வழுக்கைத் தலை, தடிக் கண்ணாடி, களைத்துப்போன முகம். எதிரே வருகைப் பதிவேடுகள் விரித்திருந்தன. ஒன்பதாம் வகுப்பில் போன வருஷம் அறுபத்து நாலு பேர். அவர்களே ஏறி வரவேண்டிய பத்தாம் வகுப்பில் இந்த வருஷம் நாற்பது பேர். இரண்டு எண்ணையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். மீதி இருபத்து நாலு பிள்ளைகள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் எழுத வேண்டும், எழுதினால் பதில் வரும். வடையை முடித்துவிட்டு அடுத்த பள்ளிக்கூடம் போக வேண்டிய மனுஷருக்கு அதெல்லாம் எதற்கு?

படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஹுசைன் பீ நேராக அவர் முன்னால் போய் நின்றாள். பாண்டுரங்கன் எழுந்தார். அவர் பேசுவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அய்யா, எம்பொண்ணுக்கு பெயில் போட்டுக் குடுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் பாஸ் போடச் சொல்லிக் காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பெயில் போடச் சொல்லிக் கேட்கிற முதல் ஆள் நீதாம்மா என்றார். ஹுசைன் பீ சிரிக்கவில்லை. மடியிலிருந்து டி.சி.யை எடுத்து வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆணிப் பொத்தல் விழுந்த அந்தக் காகிதத்தோடு இரண்டு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியதைச் சொன்னாள். பாவாடை மூட்டை தூக்குவதைச் சொன்னாள். பாஸ் என்கிற அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் தன் பெண் ஒன்பதாவதிலாவது உட்காருவாள் என்றாள்.

பாண்டுரங்கன், பெற்றோரே விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்தது சார் என்றார்.

அதிகாரி ஜாஹிதாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மத்த பாடமெல்லாம் நல்லாத்தானே வாங்கியிருக்கே. கணக்குல மட்டும் ஏன் இருபத்திரண்டு?"

"எங்க கிளாஸுக்குக் கணக்கு வாத்தியாரே வரல சார்" என்றாள் ஜாஹிதா. "எட்டாவதுலயும் வரல. ஒன்பதாவதுலயும் வரல. இருபத்திரண்டு நானா படிச்சி வாங்கினது."

அந்த நேரத்தில் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு கௌஸ் பாஷா வந்து நின்றதை ஹுசைன் பீ பார்த்தாள். கையில் கயிற்றுக் கட்டு. கடையில் படத்தைக் காணாமல் ஓடி வந்திருக்கிறார். மகள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டார்.

அதிகாரி ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். இந்தத் தடவை பாண்டுரங்கனும் குரலை உயர்த்தினார். "போஸ்டு காலின்னு ஏழு லெட்டர் போட்டிருக்கேன் சார். ஏழும் உங்க ஆபீசுக்குத்தான். ஒரு வாத்தியாரை வெச்சிக்கிட்டு நான் எத்தனை கிளாஸைப் பார்க்கறது?"

அதிகாரி காபித் தம்ளரைக் கீழே வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹுசைன் பீக்கு இரண்டு பேர்மேலும் சமமாக வெறுப்பு வந்தது. ஒருத்தர் ஏழு கடுதாசி எழுதிவிட்டுப் பிள்ளைகளைத் தெருவில் விட்டவர், இன்னொருத்தர் ஏழையும் வாங்கி வைத்துக்கொண்டு வடை தின்கிறவர்.

"சரி சரி, பெரிசு பண்ண வேண்டாம். இந்தப் பெண்ணை ஒன்பதாவதுல சேத்துக்குங்க. தவறுதலா தேர்ச்சின்னு போட்டுட்டதா திருத்திடுங்க" என்றார் அதிகாரி. "பெண்ணோட அப்பா ஒரு மனு எழுதித் தரட்டும். நான் கிளம்பறதுக்குள்ள சேர்க்கவும்னு கையெழுத்துப் போட்டுடறேன்."

"கணக்கு வாத்தியார் சார்?" என்று கேட்டாள் ஹுசைன் பீ.

"பார்க்கலாம்மா."

கௌஸ் பாஷாவை குமாஸ்தா மேஜையில் உட்காரவைத்து வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். பாண்டுரங்கன் பக்கத்தில் நின்று வாசகத்தைச் சொன்னார். என் மகள் ஜாஹிதா பேகம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தோல்வி அடைந்தபடியால், மீண்டும் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தோல்வி என்ற இடம் வந்ததும் கௌஸ் பாஷாவின் பேனா நின்றது. மகள் பாஸ் என்று தெருவெல்லாம் சொன்ன மனுஷர். இந்த மனுஷன் இப்போது எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று ஹுசைன் பீ நினைத்தாள். பக்கத்தில் போய், எழுதுங்க, என்னைக் கைநாட்டு வைக்கச் சொன்னா நானே வச்சிருப்பன் என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, பாண்டுரங்கன் அதிகாரியை வழியனுப்ப வெளியே போனதும், குனிந்து எழுதினார். ஹெட்மாஸ்டர் சொன்ன வாசகத்துக்கு ஆகக்கூடிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எழுதினார்.

வெளியே ஜீப் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே தாளை வாங்கி, ஹெட்மாஸ்டர் சொல்லி எழுதவைத்த மனுதானே என்று படிக்காமல், பச்சை மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்கிய பிறகுதான் பாண்டுரங்கன் அந்த மனுவைப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"இன்னா பாய் இது? நான் சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணு?"

"நீங்க சொன்னதத்தான் சார் எழுதினன்" என்றார் கௌஸ் பாஷா. கைகூப்பியபடியேதான் நின்றார். "நடுவுல கொஞ்சம் விட்டுப்போயிருந்துது. அத மட்டும் நான் சேத்துக்கினன்."

வேறு தாளில் எழுதுங்கள் என்றார் பாண்டுரங்கன். குமாஸ்தா இளையபெருமாள் மெதுவாக எழுந்து வந்து, சார், உத்தரவு இதுமேலதான் இருக்கு, இதைக் கிழிச்சா உத்தரவும் போச்சு, நாளைக்கு அந்தம்மா மறுபடியும் ஆபீசுக்கே போயிடும் என்று காதோரம் சொன்னார். பாண்டுரங்கன் பச்சை மையைப் பார்த்தார். பிறகு மனுவை குமாஸ்தாவிடம் கொடுத்து பைலில் கட்டச் சொன்னார். டி.சி.யில் நீல எழுத்தை அடித்து, சிவப்பில் பெயில் என்று எழுதினார். அடுத்த ஏப்ரல்ல பார்க்கலாம் பாய் என்றார். அந்த வார்த்தையில் இருந்த விஷம் ஹுசைன் பீக்கு நன்றாகத் தெரிந்தது. பார்க்கலாம் சார் என்றாள் அவள்.

ஜாஹிதா அங்கிருந்தே ஒன்பதாவது பி செக்ஷனுக்குப் போனாள். அவளைவிட ஒரு வயசு சின்னப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் இடமில்லாததால் தரையில் உட்கார்ந்தாள். அவள் போனதும் வந்த முதல் பீரியடே கணக்கு. டிரில் மாஸ்டர் வாசலில் இருந்ததால் அன்றைக்கு அவரும் வரவில்லை.

புருஷனும் பெண்சாதியும் வெளியே வந்தார்கள். இரண்டு பக்கமும் கட்டியிருந்த காகிதத் தோரணம் காற்றில் அறுந்து காலில் சுற்றியது. கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவர் கையில் கயிற்றுக் கட்டு அப்படியே இருந்தது.

"அந்தாளு மூஞ்சி ஏன் அப்பிடிப் போச்சி?" என்று ஹுசைன் பீ கேட்டாள். "இன்னா எழுதினீங்க?"

கௌஸ் பாஷா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தினசரி படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என் மகள் ஜாஹிதா பேகம், இரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியாரை அனுப்பாத வகுப்பில் படித்தபடியால், கணக்கில் தோல்வி அடைந்தாள்."

ஹுசைன் பீ நடு ரோட்டில் நின்றுவிட்டாள். எதிரே வந்த சைக்கிள்காரன் மணியடித்துவிட்டு விலகிப் போனான்.

"அதுக்கு மேலயா அவரு கையெழுத்துப் போட்டாரு?"

"அதுக்குக் கீழ. சீலும் வச்சாரு."

அவள் முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புழுதி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். டீக்கடை வந்தது. அங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஹுசைன் பீ அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, கேக்கல, சத்தமாச் சொல்லுங்க என்றாள். கௌஸ் பாஷா டீக்கடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சத்தமாகச் சொன்னார்.